ஒரு நூல் கோணல்

வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று பல் துலக்குவான் என் மகன். ஒருநாள் காலை வாளி வழுக்கியது. அடி ஒன்றும் படவில்லை, பற்பசை மட்டும் கண்ணாடி வரை போய் ஒட்டிக்கொண்டது. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "எனக்கு ஒரு ஸ்டூல் வாங்கித் தாம்மா" என்றான். "வாங்குவானேன், நாமளே செய்யலாமே" என்று என் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. அவனுக்கு ஏழு வயது. சொன்னதை மறக்கிற வயது அல்ல.

எனக்கு மரவேலை தெரியும் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். சுவரில் பலகை அடிப்பேன், மழையில் ஊதிப்போன கதவை இழைத்து மூட வைப்பேன், அவ்வளவுதான். ஸ்டூலுக்கு அது போதும். நான்கு பலகை, பத்து ஸ்க்ரூ, கொஞ்சம் பசை. ஒரு சனி, ஒரு ஞாயிறில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். மூன்று வாரம் ஆனது. அதில் ஒரு வாரம் முழுக்க என் கைங்கரியம். அந்தக் கதையும் வரும்.

முதலில் உயரம். வாஷ்பேசின் முன்னால் கனமான பழைய புத்தகங்களை அடுக்கி அவனை ஏற்றி நிறுத்தினோம். எக்காமல், முழங்கை லேசாக மடங்கியபடி குழாயைத் திருக முடிகிற வரை புத்தகம் கூட்டினோம். 22 செ.மீ. வந்தது. "நான் வளருவேன்ல, அப்போ இன்னும் உசரமா வேணும்ல?" என்று கேட்டான். வளர வளர ஸ்டூல் குள்ளமாக இருந்தால் போதும் என்று புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது. கடைசி வரை அவன் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

வடிவம் மிகச் சாதாரணம். மேலே 350 மி.மீ. நீளம், 220 மி.மீ. அகலத்தில் ஒரு பலகை. அதைத் தாங்க இரண்டு பக்கமும் 200க்கு 200 மி.மீ. பலகை ஒவ்வொன்று. அந்த இரண்டையும் இணைக்க, மேல்பலகைக்கு அடியில் 260 மி.மீ. நீளம், 70 மி.மீ. உயரத்தில் ஒரு குறுக்குச்சட்டம். எல்லாம் 20 மி.மீ. தடிமன். பக்கப் பலகைகளின் அடியில் நடுவே கூரை முகடு போல ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டால் ஒவ்வொன்றிலும் இரண்டு கால் கிடைக்கும். மேல்பலகை இரு முனையிலும் 25 மி.மீ.தான் வெளியே நீளும். அழகுக்காக அதை அதிகம் நீட்டிவிடக் கூடாது. பிள்ளை ஓரத்தில் மிதித்தால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும்.

மரத்தைத் தொடும் முன் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி அசல் அளவிலேயே ஒரு பொம்மை ஸ்டூல் செய்தோம். நேரத்தைத் தின்னும் வேலை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஆனால் குறுக்குச்சட்டம் இல்லாமல் அதை ஒட்டியதும் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினாலே சரிந்து படுத்துக்கொண்டது. சட்டத்தைச் செருகியதும் நிமிர்ந்து நின்றது. அவன் அதை இருபது தடவை எடுத்து எடுத்துச் செருகிப் பார்த்தான். சட்டம் எதற்கு என்று அதற்கப்புறம் நான் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை.

மரம் பைன். மென்மையானது, பிள்ளையின் ரம்பத்துக்கு இணங்கும். தேக்கு மாதிரி கடினமான மரத்தில் தொடங்கினால் முதல் வெட்டிலேயே கை சலித்துவிடும். 220 மி.மீ. அகலத்துக்கு ஒரே பலகையாக எடுத்தால் நாள்பட வளையும் என்பதால், குறுகிய பட்டைகளைப் பக்கவாட்டில் ஒட்டிச் செய்த பலகையாகப் பார்த்து எடுத்தோம். வாங்கும்போது பலகையின் ஒரு முனையைக் கண்ணருகே வைத்து, துப்பாக்கியில் குறி பார்ப்பது போல மறுமுனை வரை பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். முறுக்கு இருந்தால் அப்படிப் பார்க்கும்போது உடனே காட்டிக்கொடுத்துவிடும். அவன் ஏழெட்டுப் பலகைகளை 'சுட்டு' ஒதுக்கிவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். அதில் ஓரமாக ஒரு கணு இருந்தது. "இது கண்ணு மாதிரி இருக்கு, இதுதான் வேணும்" என்றான். ஸ்க்ரூ போகிற இடத்தில் கணு வராதபடி பார்த்துக்கொண்டால் சரி.

சரக்கு ஏற்றும் பேலட் கட்டைகள் சும்மாவே கிடைக்குமே என்று சிலருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. நாடுவிட்டு நாடு போகிற பேலட்டில் பூச்சி வராமல் இருக்கச் செய்த சிகிச்சையை முத்திரையாகக் குத்தியிருப்பார்கள். 'எச்.டி.' என்றால் சூடேற்றியது, 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. எம்.பி. கட்டையைப் பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது. எச்.டி. ஆனாலும் அதன்மேல் வழியில் என்னென்ன சிந்தியதோ, யார் கண்டது? உள்ளே ஒடிந்த ஆணிகள் வேறு. முதல் வேலைக்குப் புதுப் பலகையே மேல்.

பலகையை அறுக்கும் முன் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். பக்கப் பலகையில் அது மேலிருந்து கீழாக ஓட வேண்டும். குறுக்காகப் போனால் கால்கள் பிஸ்கட் மாதிரி ஒடிந்து வரும். இதை விளக்க ஒரு துண்டுச் சிராயை அவன் கையில் கொடுத்து, நீளவாக்கிலும் குறுக்கிலும் ஒடிக்கச் சொன்னேன். நீளவாக்கில் பிளந்து வந்தது, குறுக்கே வளைந்து முரண்டு பிடித்தது.

அப்புறம் வேலைப் பங்கீடு. இதை முதலிலேயே பேசிவிட வேண்டும். இல்லையென்றால் பெரியவர் வேலை செய்வார், பிள்ளை பக்கத்தில் நின்று பென்சில் எடுத்துக் கொடுக்கும். பலகையைத் தோராயமாகத் துண்டு போடுவது, கால்களுக்கு நடுவே கூரை வெட்டு வெட்டுவது, ஸ்க்ரூ தலைக்குக் குழி எடுப்பது, இவை மூன்றும் என் பங்கு. அளப்பது, கோடு போடுவது, சரியான அளவுக்குக் கடைசியாக அறுப்பது, துளையிடுவது, ஸ்க்ரூ முடுக்குவது, தேய்ப்பது, பூசுவது எல்லாம் அவனுடையது. ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அந்தத் தாளை ஒருவர் மீறினார். அவன் அல்ல.

வேலை மேசை என்று தனியாக எதுவும் இல்லை. சாதாரண மேசை அவன் மார்பு உயரத்துக்கு வந்தது, அங்கே நின்று ரம்பம் பிடித்தால் தோள்தான் வலிக்கும். ஒரு குட்டையான உறுதியான பெஞ்சை இழுத்துப் போட்டோம், அவன் இடுப்பு உயரம். அதன்மேல் பலகையை வைத்து இறுக்கிப் பிடிக்க இரண்டு கிளாம்ப். செலவழிக்க மனம் வருவதானால் கிளாம்புக்குத்தான் செலவழிக்க வேண்டும். மரத்தைப் பிடிக்க ஒரு கை, அறுக்க ஒரு கை என்று இருக்கும்வரை பிடிக்கிற கைக்கு ஆபத்து. மரம் அசையாமல் நின்றால் இரண்டு கையும் ரம்பப் பிடியில் இருக்கும், பல் படும் இடத்தில் விரலே இருக்காது. கண்ணைக் காக்கும் கண்ணாடி, மூடிய செருப்பு, தொங்காத சட்டைக்கை. ஒரு தடவைக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் கிடையாது. களைத்த கைதான் வெட்டிக்கொள்ளும்.

அளக்கும்போது ஒரு வேடிக்கை. 3 மி.மீ. பிசகியிருப்பதைப் பார்த்து, "ஒரு நூல் தள்ளியிருக்குடா" என்றேன். அவன் பலகைமேல் நூலைத் தேடினான். தச்சர்களும் கொத்தனார்களும் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள், கிட்டத்தட்ட 3 மி.மீ. என்று சொன்னேன். அன்று முதல் அவனுக்கு எல்லாமே நூல். தன் சுண்டுவிரல் நகம் மூன்று நூல் அகலம் என்று அளந்துவிட்டு வந்து சொன்னான்.

கோடு போட மூலைமட்டம், அதாவது ஒரு கட்டையில் இரும்புத் தகட்டைச் செங்கோணமாகப் பொருத்திய கருவி. அதன் கட்டை, பலகையின் ஓரத்தை அழுத்திப் பிடிக்க, இரும்புத் தகட்டை ஒட்டிப் பென்சில் ஓட வேண்டும். பென்சிலை நன்றாகக் கூராக்கிக்கொள்ளச் சொன்னேன். மழுங்கிய பென்சில் கோடே அரை மி.மீ.க்கு மேல் தடித்துவிடும், பிறகு கோட்டின் எந்த ஓரத்தில் அறுப்பது என்று சண்டை வரும். ரம்பம் தானும் ஒரு பங்கைத் தூளாக்கிவிட்டுப் போகிறது என்பதைப் பிள்ளைகள் சட்டென்று நம்ப மாட்டார்கள். ஒரு வேண்டாத துண்டை அறுத்து, இரண்டு பாதியையும் சேர்த்து வைத்து அளந்து காட்டினேன். குறைந்தது. "மீதி எங்க போச்சு?" என்றான். கீழே கிடந்த மரத்தூளைக் காட்டினேன். அதனால்தான் வேண்டாத பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு, அந்தப் பக்கமாகவே ரம்பத்தை ஓட்ட வேண்டும், கோடு நம் துண்டிலேயே மிஞ்ச வேண்டும்.

இரண்டு பக்கப் பலகைகளையும் 210 மி.மீ.க்கு நான் முன்கூட்டியே துண்டு போட்டு, மேல் முனையைச் சரியாக மட்டம் பார்த்து வைத்திருந்தேன். அடி முனையை 200இல் அறுப்பது அவன் வேலை. எது முன்பக்கம் என்று தெரிய இரண்டிலும் ஓரமாக ஒரு சூரியன் வரைந்துகொண்டான்.

ரம்பம் இழுக்கும்போது அறுக்கிற ஜப்பானிய வகை. வழக்கமான ரம்பம் தள்ளும்போது அறுக்கும், பழகாத கையில் அது பாதியில் சிக்கி வளையும். இழுக்கும்போது தகடு விறைத்து நிற்பதால் வளைய வழியில்லை, தகடும் மெல்லியது, சிறுவனின் பலத்துக்குப் போதும். முதல் நாலைந்து இழுப்பு பல்லி ஊர்கிற மாதிரி மெதுவாக, அழுத்தாமல். ஒரு பள்ளம் விழுந்தபின் ரம்பம் தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும். 'கிர்ர்' என்று ஆரம்பித்த சத்தம் 'ஸ்ஸ்' என்று மாறியதும் அவனே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கொஞ்சம் பயம், கொஞ்சம் பெருமை.

ஒரு வெட்டுக்கு இருபது நிமிடம். வியர்த்து, வாயைக் கோணி, நாக்கைக் கடித்துக்கொண்டு அறுத்தான். முன் ஓரத்தில் கோட்டை ஒட்டியே தொடங்கிய ரம்பம் போகப் போகக் கோட்டைத் தின்று உள்ளே நுழைந்தது. அவன் ரம்பத்துக்கு நேர் பின்னால் நிற்காமல் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நின்று, தன் வயிற்றை நோக்கி இழுத்ததுதான் காரணம். ரம்பமும் முழங்கையும் தோளும் ஒரே கோட்டில் வர வேண்டும். சொன்னேன், ஆனால் பாதி வெட்டில் சொல்லி என்ன பயன்? கோட்டை ஒட்டி ஒரு நேரான கட்டையைக் கிளாம்ப் போட்டு, ரம்பம் அதை உரசிக்கொண்டே போகும்படி விட்டிருந்தால் பிரச்சினையே வந்திருக்காது. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முன் ஓரம் 200 மி.மீ., பின் ஓரம் 197. இரண்டாவது பலகையை அறுத்தான். அதே நிற்பு, அதே இழுப்பு, அதே கோணல். முன்னால் 200, பின்னால் 197. அவனுக்கு இது கோணலாகவே தெரியவில்லை. "ரெண்டுமே நானே அறுத்தேன்" என்று பலகைகளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கப் போனான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 3 மி.மீ. கண்ணை உறுத்தியது. ஒரு பலகையை மெதுவாக உருவிக்கொண்டு வந்து பெஞ்சில் மாட்டினேன். பின் ஓரத்தின் 197ஐ வைத்து மூலைமட்டத்தில் ஒரு கோடு. ரம்பத்தால் ஒரு சீவு, மிச்சத்துக்கு மரத்தை மெல்லச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளி. நாரின் வெட்டுமுனையை, அதாவது நார் குறுக்கே அறுபட்ட முகத்தை, இழைக்கும்போது ஒரே மூச்சாக மறு ஓரம் வரை தள்ளினால் அந்த ஓரம் சிதறிவிடும், இரு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி இழைக்க வேண்டும். அப்படியே செய்தேன், நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. இரண்டாவதை எடுக்கப் போனபோது அவன் புரண்டு படுத்தான். சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் அவன் பலகைகளைக் கண்ணைவிட்டு அகல விடவில்லை. ஒன்று சரி, ஒன்று கோணல் என்று அப்படியே நின்றது. முகடு போன்ற வெட்டை இரண்டிலும் நானே வெட்டினேன். அடிமுனை என் பக்கமாகவே இருந்தது. அவன் கவனிக்கவில்லை.

துளையிடுவதில் அவன் கெட்டிக்காரன். கையால் சுற்றுகிற டிரில்லைத்தான் கொடுத்தேன். மின்சார டிரில்லைவிட மெதுவாகப் போகும், துளை எங்கே போகிறது என்று பார்த்துத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். ஸ்க்ரூ 4 மி.மீ. தடிமன், 50 மி.மீ. நீளம். மேலே இருக்கிற பலகையில் 4.5 மி.மீ. துளை, ஸ்க்ரூ அதில் தளர்வாகப் போக வேண்டும். கீழே பிடிக்கிற பலகையில் 2.5 மி.மீ. வழித்துளை. இரண்டிலும் அதே சின்ன அளவு போட்டால் ஸ்க்ரூ மேல்பலகையையும் கடித்துக்கொள்ளும், நடுவே ஒரு சந்து விழும், எவ்வளவு முடுக்கினாலும் அந்தச் சந்து மூடாது. ஆழத்துக்கு டிரில் முனையில் சிவப்பு டேப் சுற்றினான், டேப் மரத்தைத் தொட்டால் நிறுத்த வேண்டும். ஒரு துளையில் டேப்போடு உள்ளே போய்விட்டது. பரவாயில்லை, மறுபக்கம் வரவில்லை.

ஸ்க்ரூ மரையை ஈரச் சோப்பில் ஒரு தேய் தேய்த்துவிட்டால் சுலபமாக ஏறும். ஒரு ஸ்க்ரூவுக்குப் பல அரைத் திருப்பு. எண்ணிக்கொண்டே முடுக்கினான். நான்காவது ஸ்க்ரூவில் எண்ணிக்கை நின்று முனகல் தொடங்கியது. அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டோம்.

வெள்ளைப் பசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாரின் வெட்டுமுனை பசையை உறிஞ்சித் தள்ளிவிடும். முதலில் மெல்லியதாக ஒன்று தடவி, சில நிமிடம் விட்டு, மறுபடி தடவிச் சேர்க்க வேண்டும், அப்படியும் அந்த மூட்டில் பலம் ஸ்க்ரூவுடையதுதான். குறுக்குச்சட்டத்தின் மேல் விளிம்பும் மேல்பலகையும் சேருகிற இடம் மட்டும் நார் நீளவாக்கில் இருப்பதால் பசை அங்கே உயிரைக் கொடுத்துப் பிடிக்கும். பிதுங்கி வழிகிற பசையை ஈரத் துணியால் உடனே துடைத்துவிட வேண்டும். காய்ந்தபின் வார்னிஷ் அந்த இடத்தில் ஏறாது, திட்டுத் திட்டாக வெளுத்துத் தெரியும். எங்கள் ஸ்டூலில் அவன் கட்டைவிரல் ரேகையோடு ஒரு திட்டு இன்னும் இருக்கிறது.

மேல்பலகையைப் பொருத்தும்போதே லேசாக ஓர் ஆட்டம் தெரிந்தது. பெஞ்சுதான் மேடுபள்ளம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பசை இறுக ஒருநாள் முழுக்க விட்டு, மறுநாள் மாலை தரையில் இறக்கினோம். அவன் ஏறி நின்றான். டொக். உடம்பை அசைத்தான். டொக், டொக்.

"தரை சரியில்லையா இருக்கும்" என்றேன். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஸ்டூலை அதே இடத்தில் கால்வட்டம் திருப்பிப் போட வேண்டும். ஆட்டம் அதே கால்களில் தொடர்ந்தால் குற்றம் ஸ்டூலில், கால் மாறினால் தரையில். நானே சொல்லிக் கொடுத்த வழியில் அவனே சோதித்தான். எங்கே போட்டாலும் அதே இரண்டு கால் எதிரெதிர் மூலையில் நின்றுகொண்டு மற்ற இரண்டையும் ஆட்டியது. அவன் ஸ்டூலைக் கவிழ்த்துக் கால்களைப் பார்த்தான்.

ரம்பம் அறுத்த வெட்டுமுனை மங்கலாக, பூனை ரோமம் மாதிரிச் சொரசொரவென்று இருக்கும். இழைப்புளி பட்ட வெட்டுமுனை மெழுகு தேய்த்த மாதிரிப் பளபளக்கும். இரண்டு கால் சொரசொரப்பு, இரண்டு கால் பளபளப்பு. விரலை வைத்துத் தடவிப் பார்த்தான். பிறகு பக்கவாட்டில் திருப்பினான். ஒரு பலகையில் சூரியனுக்குக் கீழே அவன் பென்சில் கோட்டின் மிச்சம் இருந்தது. மற்றதில் சூரியன் மட்டும் இருந்தது.

"அம்மா, என் கோடு எங்க போச்சு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஒன்றும் சிக்கவில்லை. "நான்தான்டா ராத்திரி அதை நேராக்கினேன்" என்றேன்.

"ஏன்?"

"கொஞ்சம் கோணலா இருந்துச்சு."

"இது?" என்று மற்ற பலகையைக் காட்டினான்.

"அதுவும் கோணல்தான். அதை விட்டுட்டேன்."

சுவரில் ஒட்டியிருந்த ஒப்பந்தத் தாளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அப்போ இது நான் செஞ்ச ஸ்டூல் இல்ல" என்று சொல்லிவிட்டு, போய் மறுபடி வாளியைக் கவிழ்த்துப் போட்டுப் பல் துலக்கினான். ஒரு வாரம் அப்படித்தான் போனது. ஸ்டூல் மூலையில் கிடந்தது.

அந்த வாரத்தில் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. அவன் அறுத்த இரண்டு பலகையிலும் முன்கால் 200, பின்கால் 197. கோணல் இரண்டிலும் ஒரே பக்கம், ஒரே அளவு. அப்படியே விட்டிருந்தால் நான்கு கால்களும் ஒரே தளத்தில் உட்கார்ந்திருக்கும். ஸ்டூல் பின்பக்கம் ஒரு நூல் சாய்ந்திருக்கும், ஆனால் ஆடியிருக்காது. நான் ஒன்றை மட்டும் 197, 197 ஆக்கினேன். மற்றது 200, 197. நான்கில் ஒன்று தளம் மாறிவிட்டது. டொக் என்ற சத்தம் நான் வைத்தது.

பிள்ளைகளுக்கு மரவேலையைப் பள்ளிப் பாடமாகவே ஆக்கியவர்கள் வடக்கு ஐரோப்பாவில் உண்டு. பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் முயற்சியால் 1866இலேயே ஆரம்பப் பள்ளிகளில் கைவேலை கட்டாயமானது. ஸ்வீடனில் ஓட்டோ சாலமன் என்பவர் நேஸ் என்ற இடத்தில் ஆசிரியர்களுக்கு இதற்கென்றே பயிற்சி நடத்தினார், 'ஸ்லாய்டு' என்று பெயர். பிள்ளை செய்கிற வேலையில் ஆசிரியர் தன் கையை வைக்கக் கூடாது என்பதில் சாலமன் கறாராக இருந்தார். இதையெல்லாம் நான் அந்த ராத்திரிக்குப் பிறகு படித்தேன் என்றால் கௌரவமாக இருக்கும். முன்பே படித்தவள்தான்.

கணக்கை அப்படியே அவனிடம் காட்டினேன். அட்டை ஸ்டூலின் கால்களை அதே அளவுக்கு வெட்டி, முதலில் அவன் கோணலோடு நிற்க வைத்தேன், ஆடவில்லை. பிறகு என் திருத்தத்தோடு. டொக். "அப்போ நான் பண்ணது கரெக்ட்" என்றான். கரெக்ட் இல்லை, ஆனால் என்னுடையதைவிட மேல் என்றேன். அது அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

ஆடுகிற ஸ்டூலைச் சரிசெய்வது இப்படி. கெட்டியான சமதளத்தில் வைத்து ஒரு பக்கம் அழுத்தினால் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். அந்தச் சந்தில் அட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே போக வேண்டும். ஆட்டம் நின்றதும் அட்டைகளை எடுத்து அளந்தால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று தெரியும். எங்களுக்கு ஒரு நூல். குறைக்க வேண்டியது அந்தரத்தில் நிற்கிற காலை அல்ல. ஆட்டத்துக்கு அச்சாக எதிரெதிர் மூலையில் நிற்கிற இரண்டு கால்களில் ஒன்றை. எதைக் குறைத்தாலும் ஆட்டம் நிற்கும்.

இங்கேதான் எனக்குக் கை அரித்தது. அச்சாக நின்ற இரண்டில் ஒன்று அவன் பலகையின் முன்கால், 200. மற்றது என் பலகையின் பின்கால், 197. அவன் காலை ஒரு நூல் குறைத்தால் நான்கும் 197, ஸ்டூல் நூல் பிடித்த மாதிரி மட்டமாக இருக்கும். என் காலைக் குறைத்தால் ஆட்டம் போகும், ஆனால் சாய்வு தங்கும். இரண்டையும் விளக்கிச் சொன்னேன். முடிவு உன்னுடையது என்று சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவன் யோசிக்கவே இல்லை. "என் கோடு இருக்கிற கால வெட்ட மாட்டேன். நீ தொட்ட கால்தானே, அதையே வெட்டலாம்."

காலைச் சுற்றிலும் அந்த அளவுக்குக் கோடு போட்டான். 3 மி.மீ.யை ரம்பத்தால் சீவுவது கடினம், மர அரத்தைக் கொடுத்தேன். ஓரங்களிலிருந்து உள்பக்கமாக அராவினான், வெளிப்பக்கமாக இழுத்தால் சிராய் பெயரும். கோடு நெருங்கியதும் தரையில் உப்புத்தாளை விரித்து அதன்மேல் காலை வைத்துத் தேய்த்தான். நாலு தேய், ஒரு சோதனை. டொக். நாலு தேய். டொக், ஆனால் மெல்ல. பிறகு சத்தம் இல்லை. ஏறிக் குதித்துப் பார்த்தான், என்னையும் ஏற்றி நிறுத்தினான். அடியில் ரப்பர் வட்டு ஒட்டினால் சின்ன ஆட்டம் தானே மறைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். ரப்பரைக் கடைசியில் ஒட்டினோம், ஈரத் தரையில் வழுக்காமல் இருக்க மட்டும்.

தேய்ப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவன் அதைச் சுருக்கமாகச் செய்யவில்லை. உப்புத்தாள் 80, 120, 180 என்று வரிசையாக (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்), எப்போதும் நார் ஓடுகிற திசையில். எல்லா ஓரத்தையும் உருட்டிவிட வேண்டும், கால் விரல் இடிக்கிற இடம். முடிந்ததா என்று பார்க்கப் பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவினால் போதும், சிராய் இருக்கிற இடத்தில் நூல் மாட்டிக்கொள்ளும். (இது அசல் நூல் என்று அவனே சொன்னான்.) பிறகு ஈரத் துணியால் ஒரு துடைப்பு. காய்ந்ததும் மரம் மறுபடி சொரசொரக்கும், 180ஆல் லேசாக ஒரு தேய்.

தண்ணீர் தெளிக்கிற இடம் என்பதால் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வார்னிஷ் (காய்ந்தபின் தண்ணீரில் கரையாது) மூன்று பூச்சு, கால்களின் வெட்டுமுனைக்கு இன்னும் இரண்டு. தண்ணீரை முதலில் குடிக்கிற இடம் அதுதான். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும், சுருண்ட துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றிவிடும். விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

ஸ்டூல் இப்போது வாஷ்பேசின் முன்னால் நிற்கிறது. அந்தக் கணு மேல்பலகையில் கண் மாதிரியே விழித்துக்கொண்டிருக்கிறது. ஆட்டம் இல்லை. சாய்வு பார்த்தால் தெரியாது. ஆனால் நடுவில் ஒரு கோலிக்குண்டை வைத்தால், ஒரு நொடி தயங்கிவிட்டு, மெதுவாகப் பின்னால் ஒரே மூலையை நோக்கி உருளும். வீட்டுக்கு யார் வந்தாலும் அவன் கோலியோடு ஓடி வந்து இதைச் செய்து காட்டுகிறான். ஏன் அங்கேயே போகிறது என்று கேட்டால், "அது அம்மா மூலை" என்கிறான்.